மனிதவள மேலாண்மை முதல் பாடம்: ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு படிப்பது எப்படி

மனிதவள மேலாண்மையின் அடிப்படைப் பாடத்துக்கு வரும் மாணவர்களில் பலர் அதை ஓய்வுப் பாடம் என்று நினைத்துத்தான் வருகிறார்கள். பெரிய கணக்கு கிடையாது. புத்தகத்தைப் பிரித்தால் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த விஷயம் போலவே இருக்கிறது. சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், நியாயமாகச் சம்பளம் கொடுக்க வேண்டும். யார் இல்லை என்று சொல்லப் போகிறார்கள்? கடைசி வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அப்புறம் மதிப்பெண் வந்ததும், "எல்லாக் கேள்விக்கும் எழுதியிருக்கேனே மேடம்" என்று விடைத்தாளோடு என் அறை வாசலில் நிற்கிறார்கள்.

எழுதியிருப்பார்கள், பக்கம் பக்கமாக. ஆனால் எல்லாமே யாரும் மறுக்க முடியாத வாக்கியங்களாக இருக்கும். அப்படிப்பட்ட வாக்கியம் எதையும் சொல்வதில்லை. அதற்கு நான் எங்கே மதிப்பெண் போடுவது?

பல வருடம் நிறுவனங்களின் எச்.ஆர். துறையில் இருந்துவிட்டு, இப்போது முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். வகுப்பில் முதல் நாளே நான் சொல்வது இதுதான்: ஏதாவது ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள், செமஸ்டர் முடியும்வரை அதை விடாதீர்கள். ஆட்சேர்ப்பு, தேர்வு, பயிற்சி, மதிப்பீடு, சம்பளம், குறைதீர்ப்பு என்று எந்த அத்தியாயம் வந்தாலும் அந்த ஒரு வேலையின் மேல் வைத்துப் பாருங்கள். பொதுவாகப் பேசும்போது எல்லாம் சரியாகத்தான் தெரியும். குறிப்பிட்ட ஒரு வேலை எதிரில் வந்ததும் எந்த வாக்கியம் நிற்கிறது, எது நிற்கவில்லை என்று தெரிந்துவிடும்.

எந்த வேலையை எடுப்பது

உங்கள் கண்ணுக்குத் தெரிகிற வேலையாக இருக்க வேண்டும். தலைமை நிர்வாகி வேண்டாம், மென்பொருள் பொறியாளரும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் அவர் திரையில் என்ன நடக்கிறது என்று வெளியாளுக்குப் புரியாது. நான் பெரும்பாலும் சிபாரிசு செய்வது பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகம் கொடுத்து வாங்கும் ஊழியரின் வேலை. நீங்கள் எப்படியும் அங்கே போவீர்கள். அவர் செய்வது அனைத்தும் எல்லார் எதிரிலும்தான் நடக்கிறது.

முதல் வேலை பணிப் பகுப்பாய்வு. பார்வைக்குப் படும் இடத்தில் உட்கார்ந்து அவர் செய்வதை வினைச்சொற்களாக எழுதுங்கள். "வாசகர்களுக்கு உதவுகிறார்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். "திரும்பி வந்த புத்தகத்தில் கிழிசல் இருக்கிறதா என்று புரட்டிப் பார்க்கிறார்", "தாமதக் கட்டணம் கட்ட மறுப்பவரிடம் விதியை விளக்குகிறார்", "தவறான அடுக்கில் செருகிய புத்தகத்தைத் தேடி எடுக்கிறார்". இந்த மாதிரி. முடிந்தால் அவரிடமோ அவருடைய மேற்பார்வையாளரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "சமீபத்தில் இந்த வேலை ரொம்ப நன்றாக நடந்த ஒரு சந்தர்ப்பமும், சொதப்பலான ஒரு சந்தர்ப்பமும் சொல்ல முடியுமா?" முக்கிய நிகழ்வு முறை என்று புத்தகத்தில் வருவது இதுதான். உளவியலாளர் ஜான் ஃப்ளானகன் 1954இல் எழுதிய கட்டுரையில் இதற்கு முழு வடிவம் கொடுத்தார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்கு ஆள் தேர்வு செய்த அனுபவத்திலிருந்து வளர்ந்தது. "உங்கள் வேலைக்கு என்ன திறமை வேண்டும்?" என்று நேராகக் கேட்டால் பொறுமை, நேர்மை, கடின உழைப்பு என்று பட்டியல் வரும். சம்பவத்தைக் கேட்டால்தான் வேலை வெளியே வரும்.

இதிலிருந்து இரண்டு தாள்கள் தயாரிக்க வேண்டும். பணி விவரம் வேலையைப் பற்றியது. தகுதி விவரம் ஆளைப் பற்றியது. இரண்டையும் குழப்பி எழுதுவதுதான் விடைத்தாள்களில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு. குழப்பம் வராமல் இருக்க ஒரு சோதனை உண்டு. தகுதி விவரத்தில் உள்ள ஒவ்வொரு வரியிலிருந்தும் பணி விவரத்தில் உள்ள ஒரு கடமைக்குக் கோடு போடுங்கள். "பட்டம் பெற்றிருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தால், எந்தக் கடமைக்கு அந்தப் பட்டம்? கோடு போட இடமில்லை என்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

இது வெறும் ஒழுங்குக்காகச் சொல்வது இல்லை. 1971இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் எதிர் டியூக் பவர் வழக்கில் முடிவு செய்தது ஏறக்குறைய இதே கேள்வியைத்தான். உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழும் சில தேர்வுகளும் கட்டாயம் என்றது நிறுவனம். அவை வேலையோடு தொடர்புடையவை என்று நிறுவனத்தால் காட்ட முடியவில்லை. அந்த நிபந்தனைகள் கறுப்பினத் தொழிலாளர்களைப் பெருமளவில் வெளியே நிறுத்தின. பாகுபாடு காட்டும் எண்ணம் இல்லை என்பது மட்டும் போதாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் தாளில் கோடு போட முடியாத அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

தேர்வு: நேரத்தை இங்கே செலவழியுங்கள்

பாடத்தில் ஒரே ஓர் அத்தியாயத்துக்குத்தான் முழு உழைப்பைத் தர முடியும் என்றால், ஆள் தேர்வு பற்றிய அத்தியாயத்துக்குத் தாருங்கள். இந்தத் துறையில் ஆதாரம் மிக அடர்த்தியாக இருக்கும் இடம் அது. நம் உள்ளுணர்வு மோசமாக அடிவாங்கும் இடமும் அதுதான்.

நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற இரண்டையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஒரே விண்ணப்பதாரரை இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து ஏறக்குறைய ஒரே மதிப்பெண் போட்டால் நம்பகத்தன்மை இருக்கிறது. அந்த மதிப்பெண் பின்னாளில் அவர் வேலை செய்யும் விதத்தோடு ஒத்துப்போனால் ஏற்புடைமை இருக்கிறது. முதலாவது இல்லாமல் இரண்டாவது வராது. முதலாவது இருந்துவிட்டால் மட்டும் இரண்டாவது வந்துவிடவும் செய்யாது. நேர்காணல் குழுவில் எல்லாருக்கும் ஒரே தப்பெண்ணம் இருந்தால் மதிப்பெண்கள் அழகாக ஒத்துப்போகும்.

இப்போது எண்கள். ஏற்புடைமை 0 என்றால் மதிப்பெண்ணுக்கும் வேலைக்கும் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம். ஷ்மிட், ஹன்டர் இருவரும் 1998இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் (பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது) கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் ஏற்புடைமை 0.51, பேச்சுவாக்கில் நடக்கும் நேர்காணலுக்கு 0.38, வேலையைச் செய்து காட்டச் சொல்லும் மாதிரித் தேர்வுக்கு 0.54, கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்வதற்கு 0.02. பல பாடப்புத்தகங்களில் இன்றும் இந்த அட்டவணைதான் இருக்கிறது. ஆனால் 2022இல் சாக்கெட்டும் சகாக்களும் இதே மாதிரித் தரவுகளை மறுபடி கணக்கிட்டபோது கட்டமைக்கப்பட்ட நேர்காணல் 0.42 என்று இறங்கினாலும் முதலிடத்துக்கு வந்தது. பேச்சுவாக்கு நேர்காணல் 0.19க்குப் போய்விட்டது, மாதிரித் தேர்வு 0.33.

ஏன் இந்த வித்தியாசம்? வேலைக்கு எடுக்கப்பட்டவர்களின் செயல்திறன்தான் நமக்குத் தெரியும். நிராகரிக்கப்பட்டவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள் என்று தெரியாது. அந்தக் குறையை ஈடுகட்ட ஆய்வாளர்கள் எண்ணைக் கொஞ்சம் மேலே திருத்துவார்கள். பழைய ஆய்வுகளில் அந்தத் திருத்தம் அளவுக்கு மீறிப் போய்விட்டது என்பது 2022 குழுவின் வாதம். இந்த ஒரு பத்தியை உங்கள் சொந்த வார்த்தையில் எழுதத் தெரிந்தால் வகுப்பில் முன்வரிசைக்கு வந்துவிட்டீர்கள்.

படித்தால் மட்டும் போதாது, செய்து பாருங்கள். நாலைந்து நண்பர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலக வேலைக்கு ஐந்து கேள்விகள் தயாரியுங்கள். ஒவ்வொன்றும் நீங்கள் எழுதிய ஒரு கடமையிலிருந்து பிறந்திருக்க வேண்டும். "உங்கள் பலம் என்ன?" வேண்டாம். "மூடும் நேரம் நெருங்குகிறது, வரிசையில் எட்டுப் பேர் நிற்கிறார்கள், கட்டணம் பற்றி ஒருவர் சத்தம் போடுகிறார். என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். எந்தப் பதிலுக்கு 1, எந்தப் பதிலுக்கு 3, எந்தப் பதிலுக்கு 5 என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். ஒருவர் விண்ணப்பதாரராக நடிக்கட்டும். மற்றவர்கள் தங்களுக்குள் பேசாமல் மதிப்பெண் போட்டு, தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அப்புறம் ஒன்றாகத் திருப்புங்கள். முதல் தடவை எண்கள் எங்கெங்கோ இருக்கும். எதனால் என்று பேசி, பதில்களின் வரையறையைத் திருத்தி மறுபடி நடத்துங்கள். நம்பகத்தன்மை என்பது என்ன, அது எப்படி உயர்கிறது என்று அதன் பிறகு யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பயிற்சி அத்தியாயம் சின்னது. பயிற்சியை மதிப்பிட கிர்க்பாட்ரிக் 1959இல் முன்வைத்த நான்கு படிகளை நினைவில் வையுங்கள்: பயிற்சி பிடித்ததா, கற்றார்களா, நடத்தை மாறியதா, பலன் கிடைத்ததா. நூலகத்தில் புது மென்பொருள் வருகிறது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியையும் எதைக் கொண்டு அளப்பீர்கள் என்று எழுதிப் பாருங்கள். நான் பார்த்த நிறுவனங்களில் பெரும்பாலும் முதல் படியோடு படிவத்தைக் கோப்பில் போட்டுவிடுவார்கள்.

செயல்திறன் மதிப்பீட்டில் படிவத்தையும் சந்தேகப்படுங்கள்

மதிப்பீட்டுப் பிழைகளின் பட்டியல் எல்லாப் புத்தகத்திலும் உண்டு. ஒரு நல்ல குணம் மற்ற எல்லாவற்றுக்கும் வெளிச்சம் போடுவது (தார்ண்டைக் 1920இலேயே ராணுவ அதிகாரிகளுக்கு மேலதிகாரிகள் போட்ட மதிப்பெண்களில் இதைக் காட்டினார்), எல்லாரையும் நடுவில் நிறுத்துவது, கடைசி மாதத்தை மட்டும் நினைவில் வைப்பது. மாணவர்கள் இவற்றை மேலாளரின் பலவீனங்களாகவே எழுதுகிறார்கள். பாதிக் கதைதான் அது.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஐந்து புள்ளிப் படிவம் இருந்தது. 5 போட்டால் ஒரு பக்கம் காரணம் எழுத வேண்டும். 2 அல்லது அதற்குக் கீழே போட்டால் முன்னேற்றத் திட்டம் தயாரித்து மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். 3 போட்டால் ஊழியர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். விளைவு, கட்டடம் முழுக்க 4. மேலாளர்களுக்கு "பாரபட்சம் தவிர்ப்பது எப்படி" என்று வகுப்பு எடுத்தார்கள். மறு வருடமும் 4தான். படிவம் எதற்குக் கூலி கொடுத்ததோ அதை மேலாளர்கள் செய்தார்கள். எனவே உங்கள் நூலக ஊழியருக்கு மதிப்பீட்டுப் படிவம் தயாரிக்கும்போது, இந்தப் படிவத்தைச் சோம்பேறி மேலாளர் எப்படி நிரப்புவார் என்று ஒரு முறை நிரப்பிப் பாருங்கள்.

சம்பளத்துக்கு வருவோம். இந்த அத்தியாயத்துக்கு உங்கள் வேலையோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: அதே நூலகத்தின் இரவுக் காவலர். திறமை, பொறுப்பு, உழைப்பு, பணிச்சூழல் என்ற நான்கு காரணிகளுக்கும் 100 புள்ளிகளைப் பங்கிட்டு இரண்டு வேலைகளையும் மதிப்பிடுங்கள். நண்பரும் தனியாகச் செய்யட்டும். அவர் பணிச்சூழலுக்கு 40 கொடுத்திருப்பார், நீங்கள் 10 கொடுத்திருப்பீர்கள், சண்டை வரும். வரட்டும். புள்ளி முறை எவ்வளவு துல்லியமாகத் தோன்றினாலும், எந்தக் காரணிக்கு எவ்வளவு எடை என்பது மனிதர்கள் எடுக்கும் முடிவு என்பது அந்தச் சண்டையில் தெரியும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100ஆவது உடன்படிக்கை (1951) ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் கேட்பது ஒரே வேலைக்கு மட்டும் அல்ல, சம மதிப்புள்ள வேலைக்கு. வெவ்வேறு இரண்டு வேலைகளை ஒப்பிடும் இந்தப் பயிற்சி இல்லாமல் அந்த வரி புரியாது.

கோட்பாடுகளை மனப்பாடம் செய்வது பற்றி

மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிக் காட்டும் மாஸ்லோவின் பிரமிடு படம் இல்லாத விடைத்தாள் அபூர்வம். 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிடே கிடையாது. அது பிற்காலத்தவர் வரைந்தது. ஒரு படி முழுதாக நிரம்பிய பிறகுதான் அடுத்தது என்று அவர் கறாராகச் சொல்லவும் இல்லை. படத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்பாட்டுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். யாரிடம் கேட்டு இதைச் சொன்னார்கள்? எப்படிக் கேட்டார்கள்? எந்த இடத்தில் இது சறுக்கும்?

வேலையில் திருப்தி தருபவை வேறு, அதிருப்தி தருபவை வேறு என்ற ஹெர்ஸ்பெர்க்கை எடுங்கள். 1959இல் வந்த ஆய்வு, பிட்ஸ்பர்க் பகுதியைச் சேர்ந்த சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்கள். வேலையில் மிக நன்றாக உணர்ந்த நேரத்தையும் மிக மோசமாக உணர்ந்த நேரத்தையும் சொல்லச் சொன்னார்கள். நல்லதைச் சொல்லும்போது சாதனை, அங்கீகாரம் என்றும், கெட்டதைச் சொல்லும்போது நிர்வாகம், மேற்பார்வை என்றும் வந்தது. சரி, நீங்களே சொல்லுங்கள்: நல்லது நடந்தால் என்னால், கெட்டது நடந்தால் அவர்களால் என்று சொல்லாதவர் யார்? முறையைத் தெரிந்துகொண்டதும் விமர்சனம் தானாக வருகிறது பாருங்கள்.

ஊக்கம் எதிலிருந்து வருகிறது என்று வ்ரூம் (1964) சொல்வதை நூலகத்தில் வைத்துப் பாருங்கள். முயன்றால் முடியும் என்ற நம்பிக்கை, முடித்தால் பலன் வரும் என்ற நம்பிக்கை, அந்தப் பலன் எனக்கு வேண்டியதா என்பது. மூன்றையும் பெருக்க வேண்டும். ஒன்று பூஜ்ஜியம் ஆனால் மொத்தமும் பூஜ்ஜியம். 'சிறந்த ஊழியர்' விருது எப்போதும் மேலாளருக்கு வேண்டியவருக்கே போகிறது என்றால் நடு எண் பூஜ்ஜியம். பரிசுத் தொகையை இரட்டிப்பாக்கி ஒன்றும் ஆகாது.

மனிதவள மேலாண்மைக்கான மாதிரிகளில், அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரால் வழங்கும் ஹார்வர்டு, மிச்சிகன் இரண்டும் ஒரே ஆண்டில், 1984இல் வந்தவை. மிச்சிகன் ஆளை நிறுவனத்தின் உத்திக்குப் பொருத்தப் பார்க்கிறது. ஹார்வர்டு ஊழியர், தொழிற்சங்கம், அரசு, சமூகம் என்று பங்குதாரர்களையும் உள்ளே கொண்டுவருகிறது. கோட்பாட்டு வகையில் இது முதல் செமஸ்டருக்குப் போதும்.

எண்ணைப் பார்த்து ஓடாதீர்கள்

பெரிய கணக்கு இல்லை என்றேன். சின்னக் கணக்கு உண்டு. விலகல் விகிதம் என்பது ஒரு வருடத்தில் விலகியவர்களைச் சராசரி ஊழியர் எண்ணிக்கையால் வகுத்து நூறால் பெருக்குவது. வருடத் தொடக்கத்தில் 180 பேர், முடிவில் 220 பேர், விலகியவர்கள் 30 என்றால் 15 சதவீதம். இங்கேயே நிறுத்திவிட்டுச் "சம்பளத்தை உயர்த்த வேண்டும்" என்று எழுதுகிறார்கள். அந்த 30 பேரில் 24 பேர் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் போனவர்கள் என்றால்? அப்போது முதலில் பார்க்க வேண்டியது தேர்வையும், வேலையைப் பற்றி அவர்களிடம் என்ன சொல்லிச் சேர்த்தீர்கள் என்பதையும். ஐந்து வருட அனுபவக்காரர்கள் போயிருந்தால் கதை வேறு.

விகிதம் நூறைத் தாண்டுமா என்று ஒவ்வொரு வருடமும் யாராவது கேட்பார்கள். தாண்டும். 1913இல் ஃபோர்டு கார் ஆலையில் அது 370 சதவீதம். ஒரே இடத்துக்கு வருடத்தில் பல பேர் வந்து போனார்கள். அடுத்த ஆண்டு தினக்கூலியை ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்று அறிவித்தார்கள், வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 ஆகக் குறைத்தார்கள். விலகல் சரிந்தது. அதே திட்டத்தில், தகுதியானவரா என்று பார்க்கத் தொழிலாளியின் வீடுவரை ஆள் அனுப்பி விசாரித்ததும் உண்டு. அந்த இரண்டாம் பாதியையும் சேர்த்து எழுதும் மாணவருக்கு நான் தாராளமாகப் போடுவேன்.

சட்டப் பகுதிக்கு ஒரே எச்சரிக்கை. பாடப்புத்தகம் எந்த நாட்டில் எழுதப்பட்டதோ அந்த நாட்டுச் சட்டம்தான் அதில் இருக்கும். வேலை நேரம், பணிநீக்க முன்னறிவிப்பு, குறைந்தபட்சக் கூலி, பாகுபாடு ஆகிய நான்குக்கும் உங்கள் நாட்டுச் சட்டத்தின் மூல வாசகத்தைத் தேடி ஒரு முறையாவது படியுங்கள். வழிகாட்டிக் குறிப்புகள் மட்டும் படிப்பவர்கள் "தகுந்த அவகாசம்" என்று எழுதுவார்கள். சட்டத்தில் நாள் கணக்கே இருக்கும்.

விடை எழுதும் விதம்

"கட்டமைக்கப்பட்ட நேர்காணலின் முக்கியத்துவத்தை விளக்குக" என்று கேள்வி. பெரும்பாலான தாளில் வருவது: "நேர்காணல் என்பது தேர்வு முறையில் மிக முக்கியமானது. அது சரியான நபரைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது. இதனால் நிறுவனம் வளர்ச்சி அடைகிறது."

எனக்கு வேண்டியது: "எல்லா விண்ணப்பதாரரிடமும் பணிப் பகுப்பாய்விலிருந்து எடுத்த ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வரையறுத்த அளவுகோலில் மதிப்பெண் போடுவதே கட்டமைக்கப்பட்ட நேர்காணல். நூலக ஊழியர் தேர்வில், ஒருவரிடம் பொழுதுபோக்கையும் இன்னொருவரிடம் கட்டணத் தகராறையும் கேட்டால் இருவரின் மதிப்பெண்ணை ஒப்பிட முடியாது. 2022 தொகுப்பாய்வில் இதன் ஏற்புடைமை 0.42, கட்டமைப்பற்றதற்கு 0.19. ஆனால் கேள்விகள் வெளியே கசிந்தால் பலன் குறையும். மேலாளர்கள் தங்கள் சுதந்திரம் போகிறது என்று எதிர்ப்பதும் உண்டு."

நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டாவதில் மறுக்கக்கூடிய வாக்கியங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான்.

கேஸ் ஸ்டடி வந்தால், தீர்வை முதல் வரியில் எழுதும் ஆசையை அடக்குங்கள். கொடுத்த தகவலில் எது உண்மை, எது யாரோ ஒருவரின் அபிப்பிராயம் என்று பென்சிலால் பிரியுங்கள். "ஊழியர்களுக்கு ஆர்வம் இல்லை என்கிறார் மேலாளர்" என்பது தகவல் அல்ல, மேலாளரின் கருத்து. கேஸ் எழுதுகிறவர்கள் இந்தப் பொறியை வேண்டுமென்றே வைப்பார்கள். நானும் வைப்பேன்.

செமஸ்டர் பாதி தாண்டியதும், இந்தத் துறையில் இருக்கும் ஒருவரிடம் அரை மணி நேரம் பேச முயலுங்கள். "எச்.ஆருக்கு என்ன குணம் வேண்டும்?" என்று கேட்டு அவர் நேரத்தை வீணாக்க வேண்டாம். போன மாதம் எந்த வேலை அதிக நேரத்தைத் தின்றது, எந்த விதியை மேலாளர்கள் அடிக்கடி சுற்றிப் போகிறார்கள், கடைசியாகப் படிவம் ஒன்றை மாற்றியது எப்போது, எதற்காக என்று கேளுங்கள். யார் பெயரையும் யார் சம்பளத்தையும் கேட்காதீர்கள். அவராகவே சொல்ல ஆரம்பித்தால் குறிப்பெடுப்பதை நிறுத்திவிடுங்கள். திரும்பி வந்ததும் அவர் சொன்ன ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது எந்த அத்தியாயத்தைச் சேர்ந்தது என்று எழுதுங்கள். எந்த அத்தியாயத்திலும் சேராத இரண்டு மூன்று விஷயங்கள் மிஞ்சும். அவற்றை அடுத்த வகுப்புக்குக் கொண்டுவந்து கேளுங்கள்.